வாடகைப் படியும் வங்காளத்து நெல்லும்

ஓய்வு பெற்றுச் சில வாரங்கள் ஆகியிருந்தன. பகலிலும் வீட்டில் இருக்கும் புருஷனை எந்த மூலையில் வைப்பது என்று என் மனைவி கோமதி இன்னும் முடிவு செய்யாத காலம். கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு பழைய அலுவலகத்து இளைஞர்கள் இரண்டு பேர் வந்தார்கள். புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம். மேஜை மேலேயே உட்கார்ந்திருக்கிறதாம். தட்டினால் அடுத்த நிமிஷம் விடையாம். ரொம்ப சந்தோஷம் என்றேன். காபியை ஆற்றிக்கொண்டே அவர்களில் ஒருவர், "ஒரே தொல்லை என்னன்னா சார், கம்பைலர் வரிக்கு வரி எச்சரிக்கை போடுது. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டோம். இப்ப நிம்மதியா இருக்கு" என்றார்.

எனக்குப் புரையேறியது. தலையில் தட்டக்கூட யாரும் எழுந்து வரவில்லை.

நிம்மதி! இந்த ஒரு சொல்லோடு சண்டை போட்டே என் உத்தியோக காலம் கழிந்தது. அவர்களிடம் நான் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. சத்தமாகச் சொன்னேன் என்பது மட்டும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் எட்டிப் பார்த்ததிலிருந்து தெரிந்தது. அவர்கள் போன பிறகு கோமதி, "காபி குடிக்க வந்த பசங்க மேல பாய்ஞ்சு என்ன பிரயோஜனம்? எழுதி வைங்க. கோபம் காகிதத்துலயாவது இறங்கட்டும்" என்றாள். அதனால்தான் இது.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். என் உறவுக்காரர்களுக்கு நான் ஓய்வு பெறும் நாள் வரை அது தெரியவில்லை. மனிதர்கள் தங்களுக்குப் புரிகிற பாஷையில் ஒரு கணக்கை எழுதுவார்கள். இயந்திரத்துக்கு அது புரியாது. அதை இயந்திரத்தின் பாஷைக்கு மாற்றித் தர இடையில் ஒரு நிரல் உண்டு. அதற்குப் பெயர் கம்பைலர். அந்தக் கம்பைலரை எழுதுகிறவன் நான். "மொழிபெயர்க்கிற மாதிரி" என்று ஒரு கல்யாணத்தில் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பெரியப்பா ஒருவர், பெங்காலியில் வந்த வீட்டு வரி நோட்டீஸையெல்லாம் எனக்கென்று எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

அப்பா கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் அதிகாரி. நான் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். கணக்கு எம்.ஏ. முடித்து, அறுபதுகளின் கடைசியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தேன். பயிற்சி என்ற பெயரில் ஒரு தடித்த கையேட்டைக் கொடுத்து, "படி" என்றார்கள். படித்தேன். அவ்வளவுதான் பயிற்சி.

இயந்திரம் ஒன்றே ஒன்று. ஒரு கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. மொத்தக் கட்டடத்திலும் அதற்கு மட்டும்தான் ஏர்கண்டிஷன் உண்டு. வைசாக மாதத்துக் கொளுத்தும் வெயிலில் எங்களுக்கெல்லாம் திடீரென்று அந்தக் கூடத்தில் அவசர வேலை முளைக்கும். கணக்கை ஒரு வரிக்கு ஓர் அட்டையாகத் துளை போட்டு, அட்டைகளைக் கட்டாகக் கட்டி, கம்பி வலை போட்ட ஜன்னலில் கொடுக்க வேண்டும். உள்ளே நிமாய்தா, அதாவது நிமாய் அண்ணன், என்ற ஆபரேட்டர் அதை வாங்கி மரத்தட்டில் வரிசையாக அடுக்குவார். மறுநாள் மத்தியானம், விடைக் காகிதம் சுற்றிய கட்டு புறாக்கூண்டு அலமாரியில் கிடைக்கும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தால் விடைக்குப் பதில் அந்தச் செய்தி மட்டும் இருக்கும். ஒரு நாள் போயிற்று. திருத்தி மறுபடி கொடுத்தால் இன்னொரு நாள். மழைக்காலத்தில் அட்டைகள் ஈரம் குடித்து அப்பளம் மாதிரி நெளியும். படிக்கும் இயந்திரம் அவற்றை மென்று துப்பும். நடுவில் லோட்ஷெடிங் என்று மின்சாரத்தை நிறுத்தினால், ஓடிக்கொண்டிருந்த கணக்கு அம்போ. மறுபடி வரிசையின் கடைசி.

வரிசை என்று சொன்னேன் இல்லையா? 'முதலில் வருபவருக்கு முதலில்' என்று ஜன்னலுக்கு மேலே பலகையே தொங்கியது. நடந்தது வேறு. மாதத் தொடக்கத்தில் முதலில் ஓடுவது ஊழியர்களின் சம்பளக் கணக்கு. அதில் கை வைக்கக் கடவுளுக்கும் துணிச்சல் கிடையாது. அதற்கு அடுத்தது எப்போதும் அனாதிபாபுவின் கட்டு. அவர் பொருளாதாரப் பேராசிரியர், நிறுவனத்திலேயே மூத்தவர், பெரிய பெயர். யாரும் உத்தரவு போடவில்லை. மூத்தவரின் கட்டு காத்திருக்கக்கூடாது, அவ்வளவுதான். இந்த மரியாதைதான் பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இப்போது என் கம்பைலருக்கு வருகிறேன். இயந்திரத்தோடு கம்பெனிக்காரன் கொடுத்த கம்பைலர் ஒன்று ஏற்கெனவே இருந்தது. ரொம்ப சாது. நீங்கள் ஒரு பெயரை எழுதி, அதற்கு மதிப்பே கொடுக்காமல் கணக்கில் சேர்த்தாலும் அது வாயைத் திறக்காது. அந்தப் பெயருக்கு ஒதுக்கிய இடத்தில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்துப் போட்டுக் கூட்டிவிடும். அந்த இடத்தில் என்ன கிடக்கும்? முன்னால் ஓடியவருடைய மிச்சம். வகுப்பறைக் கரும்பலகையை அழிக்காமல் பூகோள வாத்தியார் போய்விட்டார், அடுத்து வந்த கணக்கு வாத்தியார் பலகையில் கிடந்த கங்கையின் நீளத்தையும் சேர்த்துக் கூட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை வரும். அழகாக, தசம ஸ்தானத்தோடு வரும்.

இதைப் பார்த்து வயிறெரிந்துதான் நான் ஒரு கம்பைலர் எழுதினேன். என் இளமையில் நல்ல பகுதி அதில் போனது. வேலை தொடங்கும் முன் நினைவகம் முழுவதையும் ஒரு பொருளில்லாத குறியால் நிரப்பிவிடும். மதிப்புக் கொடுக்காத பெயரைக் கணக்கு தொட்ட அடுத்த கணம் எல்லாவற்றையும் நிறுத்தி, இன்ன வரி, இன்ன பெயர், இதற்கு நீங்கள் எதுவும் தரவில்லை என்று அச்சடிக்கும். உலகமே எழுந்து நின்று கைதட்டும் என்று நினைத்தேன். அந்த வயசு அப்படி.

வந்தது படையெடுப்பு. நேற்று வரை ஓடிய நிரல்கள் எல்லாம் இன்று நிற்கின்றன! இயற்பியல்காரர் ஒருவர் காகிதத்தை என் மேஜையில் எறிந்து, "மொஷாய், உங்க கம்பைலர் கணக்குப் போடலை, குறுக்கு விசாரணை பண்ணுது. பழசு ஒழுங்கா விடை கொடுத்துது" என்றார்.

"அது தப்பு விடை."

"தப்போ சரியோ, விடை! நான் மாநாட்டுல விடையைத்தான் படிக்க முடியும். உங்க திட்டையா படிக்கிறது?"

எல்லாரும் என் மேலதிகாரி ஷிபேன்பாபுவிடம் போனார்கள். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் மையத்தின் தலைவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எதையும் மறுக்கமாட்டார். எதற்கும் சம்மதிக்கவும் மாட்டார். நீங்கள் உள்ளே போனால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தபடி, "தேக்ச்சி" என்பார். பார்க்கிறேன் என்று அர்த்தம். அந்தக் கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது வேறு விஷயம். எழுத்தில் உத்தரவு போடவே மாட்டார். கெட்ட செய்தியின் கனத்தை அவர் வாங்கித் தரும் தின்பண்டத்தில் அளக்கலாம். வெறும் டீ என்றால் சும்மா விசாரிப்பு. டீயோடு சிங்காரா, அதாவது வங்காளத்துச் சமோசா, என்றால் உங்கள் ஆளை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். சந்தேஷ் என்ற பால் இனிப்பு வந்தால் கதை முடிந்தது.

அன்றைக்கு சிங்காரா. "ராமன், மெஷின்ங்கறது விருந்தினர் விடுதி மாதிரி. வர்றவங்களை நாம திட்டலாமா?"

"நான் திட்டலையே ஷிபேன்பாபு. கீழே பள்ளம் இருக்குன்னு சொல்றேன்."

"அதைக் கொஞ்சம் மெதுவா சொல்லக்கூடாதா? நிறுத்தாம?"

"விழுந்தப்புறமா?"

கண்ணாடியைத் துடைத்தார். "தேக்ச்சி."

கடைசியில், பழைய கம்பைலரும் இருக்கட்டும், புதியதும் இருக்கட்டும், வேண்டுகிறவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று ஆயிற்று. ஒரு தெருவில் எடை சரியாகப் போடும் கடையும், சிரித்துப் பேசும் கடையும் இருந்தால் கூட்டம் எங்கே போகும்? என் கடையில் ஈ ஓட்டினேன்.

அப்படி இருந்தபோதுதான் மிதாலி வந்தாள். சாந்த்ராகாச்சியிலிருந்து லோக்கல் பிடித்து ஹவுரா வந்து, அங்கிருந்து பஸ்ஸில் நசுங்கி வரும் ஆராய்ச்சி மாணவி. அனாதிபாபுவிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். உதவித்தொகை முடிய ஒரு வருஷத்துக்கும் குறைவு. அவள் வீட்டில் கல்யாணப் பேச்சும் கல்லூரி வேலைப் பேச்சும் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. பட்டம் வந்தால் இரண்டாவது ஜெயிக்கும், வராவிட்டால் முதலாவது.

அனாதிபாபுவின் புகழே ஒரு கட்டுரையில்தான் நின்றது. நெல் விலை ஏறினால் வங்காளத்து விவசாயி சந்தைக்குக் குறைவாகத்தான் கொண்டுவருவான் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். விலை ஏறியதும் தனக்கு வேண்டிய காசு சீக்கிரம் கிடைத்துவிடுகிறது, மிச்சத்தை வீட்டில் வைத்துச் சாப்பிடுகிறான் என்று விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஓர் அரசாங்கக் குழு தன் அறிக்கையில் அதைத் தூக்கி வைத்துக்கொண்டது. மிதாலியின் வேலை, அதே நிரலைக் கூடுதலான மாவட்டங்களுக்கு ஓட்டுவது. தொடங்கும்முன், பழைய மாவட்டத்துக்கு ஓட்டிப் பழைய விடையே வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். வரவில்லை. அதே அட்டைகள், அதே தகவல்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை.

"ராமன்தா, ஒரு வருஷமா எனக்குக் கிடைச்சது திட்டு மட்டும்தான்" என்றாள், என் எதிரே உட்கார்ந்து. "'அட்டையைத் தப்பா அடுக்கறே, கவனம் இல்லை, உனக்கு ஆராய்ச்சி எதுக்கு'ன்னு கேக்கறார். அவர் ஓட்டினா சரியா வருது. நான் ஓட்டினா வரலை. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு."

"எந்தக் கம்பைலர்?"

"பழசு. உங்களோடது கெட்ட பேர் எடுத்ததாச்சே."

"கெட்டதுகிட்டயும் ஒரு தடவை போட்டுப் பாரேன்."

மறுநாள் மத்தியானம் புறாக்கூண்டில் ஒரே ஒரு தாள். முன் பருவத்துக் கையிருப்பு என்ற பெயருக்கு மதிப்பே தரப்படவில்லை என்று வரி எண்ணோடு போட்டு நின்றிருந்தது. சந்தைக்கு எவ்வளவு வந்தது என்று கணக்கிட, விவசாயியின் வீட்டில் ஏற்கெனவே எவ்வளவு நெல் இருந்தது என்று தெரிய வேண்டும். முதல் வருஷத்துக்கான அந்த எண்ணைத் தகவல் அட்டையிலிருந்து படிக்கச் சொல்லும் வரியை எழுத அனாதிபாபு மறந்துவிட்டார். தகவல் அட்டையில் எண் இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை. ஆரம்பம் கோணியதால் கோடு முழுவதும் கோணியது. மிதாலி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அழுதாள். தப்புத் தன்னுடையதில்லை என்று ஓர் இயந்திரமாவது சொன்னதே என்ற அழுகை. என் கம்பைலருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

விடுபட்ட வரியைச் சேர்த்து ஓட்டினோம். விலை ஏறினால் விவசாயி அதிகமாகத்தான் கொண்டுவருகிறான். நேர் எதிர்.

ஒரு கேள்வி பாக்கி. மற்றவர்கள் ஓட்டினால் மாறி மாறி வரும் விடை, அனாதிபாபு ஓட்டியபோது மட்டும் எப்படி வருஷக்கணக்காக ஒரே மாதிரி வந்தது? இங்கேதான் அந்த மரியாதை வருகிறது. அவர் கட்டு எப்போதும் சம்பளக் கணக்குக்கு அடுத்தே ஓடியது. ஆகவே அவருக்குக் கிடைத்த மிச்சம் எப்போதும் சம்பளக் கணக்கின் மிச்சம். அடுத்த மாதச் சம்பளக் கணக்கு முடிந்ததும், நினைவகத்தில் அந்த இடத்தில் என்ன கிடக்கிறது என்று அச்சடிக்கச் சொன்னோம். காகிதம் வந்தது. எண்ணைப் பார்த்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த எண்ணை எங்கள் நிறுவனத்தில் அறியாதவர் கிடையாது. வருஷக்கணக்காக வாயிற்கதவில் கொடி பிடித்து, "சோல்பே நா, சோல்பே நா", நடக்காது, நடக்காது என்று கத்தியதே அந்த எண்ணை எதிர்த்துத்தான். ஊழியர்களுக்குத் தரும் வீட்டு வாடகைப் படியின் உச்சவரம்பு. அதை உயர்த்தச் சொல்லி எத்தனையோ மனுக்கள், எத்தனையோ கோஷங்கள். நிர்வாகம் அசையவில்லை. அதனால் நினைவகத்திலும் அது அசையாமல் கிடந்தது. வங்காளத்து விவசாயி தன் வீட்டில் எங்களுடைய வாடகைப் படியைக் குதிரில் கொட்டி வைத்திருந்தான்! அதை நம்பித்தான் அரசாங்கக் குழு அறிக்கை எழுதியிருக்கிறது.

நான் சிரித்தேன். மிதாலி சிரிக்கவில்லை. "இதை அவர்கிட்ட யார் சொல்றது?" என்றாள்.

முறைப்படி ஷிபேன்பாபுவிடம் போனோம். சிங்காரா வந்தது. முழுக்கக் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார். "அனாதிபாபுவுக்கு இதயம் பலவீனம்" என்றார்.

"அவரோட நிரலும்தான்" என்றேன். என் வாய் எப்போதும் இப்படித்தான், பதவி உயர்வு வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

"ராமன், அந்த அறிக்கையால இந்த மையத்துக்கு எவ்வளவு மதிப்பு வந்திருக்கு தெரியுமா? பொறுமையா இரு. நேரம் பார்த்து நானே சொல்றேன்."

அவர் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். துர்கா பூஜை வந்தது, போனது. மிதாலியின் வருஷம் கரைந்தது. நானும் வாரம் தவறாமல் கேட்டேன். வாரம் தவறாமல் கண்ணாடி சுத்தமாயிற்று. ஒருநாள் அவள் என் அறை வாசலில் நின்று, "ராமன்தா, நான் நேரா போய்ச் சொல்லப்போறேன். கூட வர்றீங்களா, இல்லையா?" என்றாள். போனேன்.

அனாதிபாபு உயரமான மனிதர். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தார். மிதாலி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "வாடகைப் படியா?" என்று கேட்டார்.

"ஆமாம் ஸார்."

முதலில் சிரித்தார். நிஜமான சிரிப்பு, தோள் குலுங்க. "அப்போ யூனியன்காரங்க ஜெயிச்சிருந்தா என் கட்டுரையே வேற மாதிரி ஆகியிருக்கும்!" அப்புறம் சிரிப்பு நின்றது. மேஜை மேல் இருந்த பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். "ஒரு வருஷமா உன்னை நான் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார் அவளிடம். "நான் எழுதறேன். என் தப்புன்னு நானே எழுதறேன்."

நல்ல மனிதர். அன்று சாயங்காலம் அவரை நான் மனசுக்குள் தூக்கி வைத்துக் கொண்டாடினேன். ஆனால் அவர் எழுதுவதற்குள் ஷிபேன்பாபு அவரைப் போய்ப் பார்த்துவிட்டார். என்ன தின்பண்டம் போயிற்று என்று தெரியாது. அடுத்த வாரம் முடிவு ஒன்று கீழே இறங்கி வந்தது. மிதாலி தன் புது விடையைத் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். அனாதிபாபு கையெழுத்துப் போடுவார். ஆனால் பழைய விடை ஏன் மாறியது என்று ஒரு வார்த்தையும் கூடாது. அறிக்கை அறிக்கையாகவே இருக்கட்டும்.

இதைவிட அநியாயம் இருக்கிறதா? அந்தப் பெண் தன் குருவின் புகழ்பெற்ற முடிவை முழுசாகத் தலைகீழாக்குகிறாள், காரணம் மட்டும் சொல்லக்கூடாது. பரீட்சகர் கேட்காமல் இருப்பாரா? "கேட்டா என்ன பண்ணுவே?" என்றேன். "கேக்கமாட்டாங்கன்னு ஷிபேன்பாபு சொன்னார்" என்றாள். பட்டம் இல்லாவிட்டால் சாந்த்ராகாச்சியில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். அவள் ஒத்துக்கொண்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேறு எல்லார் மேலும் வந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு டெல்லியிலிருந்து பரீட்சகர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஆய்வேடு, பக்கத்துக்குப் பக்கம் காகிதக் கீற்று செருகியிருந்தது. அனாதிபாபு, ஷிபேன்பாபு, இன்னும் சில ஆசிரியர்கள். என்னையும் மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். "டெக்னிக்கலா ஏதாவது கேட்டா சொல்லு. கேக்கலைன்னா நீ இங்க இல்லை" என்பது ஷிபேன்பாபுவின் ஏற்பாடு. பாதியில் லோட்ஷெடிங். மின்விசிறி மெல்ல நின்றது. அறை முழுக்க வியர்வை.

"உங்கள் வழிகாட்டி, விலை ஏறினால் வரத்துக் குறையும் என்கிறார். நீங்கள் கூடும் என்கிறீர்கள்" என்றார் பரீட்சகர். "அதே மாவட்டம், அதே வருஷங்கள். ஏன் இந்த வித்தியாசம்? இருநூறு பக்கத்தில் இதற்கு ஒரு வரி விளக்கம் இல்லையே?"

மிதாலி ஷிபேன்பாபுவைப் பார்த்தாள்.

"முறைகள் வேற" என்றார் ஷிபேன்பாபு மென்மையாக.

"முறை ஒன்றேதான். நான் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். காரணம் தெரியாமல் ஒருவர் இத்தனை பெரிய முடிவை மறுத்தால் நான் இதில் கையெழுத்துப் போட முடியாது."

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். என் நாக்கு நுனிக்கு எல்லாம் வந்துவிட்டது. எழுந்தே விட்டேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஷிபேன்பாபு என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தார்.

"மிதாலி, சொல்லு" என்றார் அனாதிபாபு.

"ஸார்..."

"ஷிபேனைப் பார்க்காதே. கேள்வி கேட்டவர் அங்க இருக்கார். சொல்லு."

சொன்னாள். விடுபட்ட வரி, கரும்பலகை மிச்சம், சம்பளக் கணக்கு, வாடகைப் படி, எல்லாம். குரல் நடுங்கவில்லை. பரீட்சகர் என் பக்கம் திரும்பி, "இது நிச்சயமா?" என்று கேட்டார். நிச்சயம் என்றேன். என் சட்டை விடுதலையாயிற்று. அவர் அனாதிபாபுவைப் பார்த்தார். "உங்களுக்கு எப்போது தெரியும்?"

"குளிர்காலத்திலிருந்து."

"பின் ஏன் எழுதவில்லை?"

"எழுத உட்கார்ந்தேன்" என்றார் அனாதிபாபு. "முதல் வரி வரலை."

மிதாலிக்குப் பட்டம் கிடைத்தது. கல்லூரி வேலையும் கிடைத்தது. ஆய்வேட்டில் விளக்கத்தைச் சேர்க்கச் சொல்லிவிட்டுப் பரீட்சகர் ரயில் ஏறினார். நியாயம் ஜெயித்தது என்று இங்கே நிறுத்தினால் கோமதிக்குப் பிடிக்கும். நான் நிறுத்தப்போவதில்லை.

அடுத்த வாரம் ஷிபேன்பாபு கூப்பிட்டார். மேஜையில் சந்தேஷ். வெல்லச் சந்தேஷ், சின்னத் தட்டில், எனக்கென்று.

"உன்னோட கம்பைலரை எடுத்துடறோம் ராமன். உபயோகிக்கறவங்க மனசு புண்படுது. மேலேயும் அப்படித்தான் நினைக்கறாங்க."

"அது சொன்னது உண்மைன்னு ரூம் நிறைய பேர் கேட்டாங்களே!"

"அதனாலதான்" என்றார் அவர். அவருடைய நேர்மையான வாக்கியங்களில் அது ஒன்று. பிறகு கண்ணாடியைத் துடைத்தார். "பொண்ணுக்கு டிகிரி கிடைச்சாச்சு. கம்பைலரும் இருக்கணும்னா எப்படி? ரெண்டையும் கேட்டா அது பேராசை."

நான் கத்தினேன். எழுத்தில் உத்தரவு கொடுங்கள் என்றேன். தேக்ச்சி என்றார். சந்தேஷைத் தின்றுவிட்டு வெளியே வந்தேன். கோபத்தில் தின்றாலும் அது நன்றாகவே இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அந்த அரசாங்க அறிக்கையில் விவசாயி இன்று வரை விலை ஏறினால் நெல்லைப் பதுக்கிக்கொண்டுதான் இருக்கிறான். யாரும் திருத்தவில்லை. மேற்கோள் காட்டுகிறார்கள்.

என் கம்பைலர் ஒரு காந்த நாடாச் சுருளில் அலமாரிக்குள் போனது. சனிக்கிழமை பிற்பகலில் மட்டும், சோதனை வேலைக்கென்று எங்கள் பிரிவுக்கு இயந்திரம் கொஞ்ச நேரம் கிடைக்கும். அப்போது அதை மாட்டித் துடைத்து வைப்பேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை மாடிப்படியில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. அனாதிபாபு. இரண்டு கையிலும் அட்டைப் பெட்டி, அதன் மேல் இன்னொன்று. பலவீனமான இதயத்தோடு, வேலைக்காரரைக்கூடக் கூப்பிடாமல், தானே தூக்கிக்கொண்டு ஏறி வந்திருக்கிறார். ஓடிப் போய் வாங்கினேன்.

"ஷிபேன்கிட்ட சொல்லாதே" என்றார் முதலில்.

"என்ன இது அனாதிபாபு?"

"என் மத்தக் கட்டுரைகளோட நிரல்கள். எல்லாம். உன் கம்பைலர்ல போடு."

நான் தயங்கினேன். "நின்னுட்டா?"

"நின்னா எந்த வரின்னு சொல்லும் இல்லையா? அது போதும்."

முதல் கட்டைப் போட்டேன். அட்டைகள் சரசரவென்று உள்ளே போயின. அச்சு இயந்திரம் கடகடத்தது. நல்ல விடை என்றால் அது ரொம்ப நேரம் கடகடக்கும். இது உடனே ஓய்ந்தது. இருவருக்கும் புரிந்துவிட்டது. அவரே போய்க் காகிதத்தைக் கிழித்து எடுத்து, கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். என்னிடம் நீட்டினார்.

வரி எண்ணைப் படித்தேன். பெயரையும் படித்தேன்.

அனாதிபாபு அட்டைப் பெட்டி மேலேயே உட்கார்ந்தார். சால்வைக்குள் துழாவி ஒரு பென்சிலை எடுத்து, அந்த வரி எண்ணைக் கட்டின் மேல் பெரிதாக எழுதினார்.

"சரி" என்றார். "அடுத்ததைப் போடு."